முகத்தை மாற்றாத படக்கடை, சுங்கை சிப்புட்

வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் 16ஆம் நாள் கருமாதிக்குள் படம் வேண்டும். அவசரத்தில் கொடுக்கிற வேலை, ஆனால் பிழை வந்தால் ஆண்டுக்கணக்கில் சுவரில் தொங்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பழைய படங்களைத் திருத்திச் சட்டம் போட்டுத் தரும் இந்தச் சின்னக் கடையை நம்பிப் போகலாம். காரணம், கணினியைத் திறக்கும் முன்பே கேட்கிறார்கள்: "அம்மா என்ன நிறம்? மூக்குத்தி எந்தப் பக்கம்? பொட்டு எவ்வளவு பெரிசு?"

தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்குத் தனியாக எடுத்த படம் என்றால் ஐசிக்கு, அதாவது அடையாள அட்டைக்கு, எடுத்ததுதான். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தானாக வண்ணமேற்றும் செயலியில் போட்டால் தோல் வெளுக்கும், கன்னத்து மச்சம் அழுக்கென்று அழிக்கப்படும், மூக்குத்தி காணாமல் போகும். வேறொருத்தி முகம் வந்து நிற்கும். பிள்ளைகள் அதையே அழகு என்று சொல்லலாம். 50 வருஷம் கூட வாழ்ந்தவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இங்கே மச்சத்தைத் தொடுவதில்லை. பெரிதாக அச்சிடுமுன் ஃபோர் ஆர் (4க்கு 6 அங்குலம்) அளவில் ஒரு மாதிரி எடுத்துத் தருகிறார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில், அவரை நன்றாகத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகு சரி சொல்லுங்கள்.

இறப்பைப் பதியப் போகும்போது பதிவிலாகாவில் மைகார்டை (இப்போதைய அடையாள அட்டையை) ஒப்படைக்க வேண்டியிருக்கும், அதனால் அதிலுள்ள படத்தை முன்பே ஸ்கேன் செய்துவிடுங்கள். 35க்கு 50 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளியில் ஸ்கேன் செய்தால் 8க்கு 12 அங்குலம் வரை ஓரளவு தெளிவாக வரும். 12க்கு 18 கேட்டால் முதலில் மங்குவது கண்தான். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

படச் சட்டத்தில்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். கேட்காவிட்டால் தேக்குபோலத் தெரியும் எம்டிஎஃப் சட்டத்தைப் போட்டுவிடுகிறார்கள். அழுத்திய மரத்தூள் அது, நம் ஊர் ஈரத்துக்கு மூலைகளில் உப்பிப் பிரியும். பழைய பலகை வீட்டில் கரையானும் வரும். அலுமினியம் கேளுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் போர்டு (படத்தின் ஓரத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைக்கச் சொல்லுங்கள். அந்த 2 மில்லிமீட்டர் இடைவெளி இல்லையென்றால் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் முகம் உரிந்து வரும். பின்பக்கம் முழுக்க டேப் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், இராமபாணப் பூச்சி அந்த வழியாகத்தான் நுழையும். கீழே விளக்கு ஏற்றுவதாக இருந்தால் அக்ரிலிக் வேண்டாம், சூட்டில் வளையும்.

சந்தனம் குங்குமத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்தால் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கிப் படத்தில் கறை விழும். கெட்டியாக, சின்னதாக வையுங்கள். துடைக்கும்போது ஈரத்துணியில் துடையுங்கள், கண்ணாடியில் நேராகத் தண்ணீர் தெளிக்க வேண்டாம். மல்லிகை மாலையை மறுநாளே எடுத்துவிடுங்கள்.

மாட்டுகிற உயரத்தை யாரும் யோசிப்பதில்லை. வழக்கமாக நிலைக்கு மேலே ஏழடியில் மாட்டுவோம். அங்கே டியூப் விளக்கு கண்ணாடியில் அடித்து முகமே தெரியாது. சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, பகல் முழுக்க அந்த வீட்டில் தனியாக இருப்பவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்ப்பார். தரையிலிருந்து நாலடி, ஜன்னலுக்கு நேரெதிர் இல்லாத சுவர், அதுவே போதும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுச் செங்கல் சுவருக்கு ஆணி வேண்டாம், துளையிட்டு பிளக் வைத்து இரண்டு திருகு போடுங்கள். ஒரே கொக்கியில் படம் சாய்ந்துகொண்டே இருக்கும்.

கடையின் குறை ஒன்று, தீபாவளி நெருங்கினால் சொன்ன நாளில் கிடைப்பதில்லை. சட்டத்துக்கும் அச்சுக்கும் விலையைத் தனித்தனியாகச் சீட்டில் எழுதித் தருகிறார்கள். திருத்திய கோப்பை மட்டும் தாமாகத் தருவதில்லை, கேட்டால் பென்டிரைவில் போட்டுத் தருவார்கள். வாங்கும்போதே கட்டில் பக்கத்து மேசைக்கு 5க்கு 7இல் இன்னொரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.