ஊட்டியில் ‘அச்சுப் பிழை’ நாணயம் வாங்கப் போகிறீர்களா? படித்துவிட்டுப் போங்கள்

6,500 ரூபாய். ஒரே ஒரு ஐந்து ரூபாய் நாணயத்துக்கு என்னிடம் பிடுங்கிய தொகை. கடையின் பெயரை எழுதவில்லை. உதகையில் சுற்றுலாப் பயணிகள் புழங்கும் இடத்தில், பித்தளை விளக்கு, பழைய கடிகாரம், தபால்தலை, நாணயம் என்று கலந்து கட்டி விற்கும் பழம்பொருள் கடை.

நாணயம் தடித்த பழைய செப்பு-நிக்கல் ஐந்து ரூபாய். ஒரு பக்கம் வழக்கமான சிங்க முத்திரை. மறுபக்கத்திலும் அதே சிங்கம், இடம் வலம் மாறி, பள்ளமாகப் பதிந்திருந்தது. சேகரிப்பவர்கள் இதை ‘ப்ராக்கேஜ்’ என்பார்கள். அடித்த நாணயம் வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வெறும் உலோக வில்லையில் அச்சுக்குப் பதில் அந்த நாணயமே பதிந்துவிடும். அபூர்வம்தான், நல்ல விலையும் உண்டு.

“எஸ்டேட் அதிகாரி ஒருவர் வீட்டிலிருந்து வந்தது அண்ணா, உங்களுக்காகத்தான் வெளியே எடுக்கிறேன்” என்றார் கடைக்காரர். டீயும் வர்க்கியும் வந்தன. பிறகு சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை மேசைமேல் வைத்து, நாணயத்தை மெல்ல அதில் இறக்கினார். 9 கிராம், கனகச்சிதம். “போலியாக இருந்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும்” என்றார். பணம் கைமாறியது அந்தத் தராசை நம்பித்தான்.

தராசு பொய் சொல்லவில்லை. வித்தையே அதில்தான் இருக்கிறது. நாணயம் அரசு அடித்த அசல் நாணயம், பிழைதான் போலி. இன்னொரு நாணயத்தின் சிங்கப் பக்கத்தை இதன்மேல் வைத்து, பட்டறை வைஸில் இறுக்கியிருக்கிறார்கள். எடை எப்படிக் குறையும்?

குன்னூரில் வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தேன். சிங்கத்தின் பள்ளங்களுக்கு இடையே எண் 5-இன் வளைவு, தலை நசுங்கி வழுவழுவென்று தெரிகிறது. பக்கத்தில் பூ வேலைப்பாட்டின் மிச்சம். அசல் ப்ராக்கேஜில் 5 இருக்கவே வழியில்லை. 5 உள்ள அச்சு வில்லையைத் தொட்டால்தானே! முன்பக்கச் சிங்கமும் வைஸின் வாயில் சிக்கித் தட்டையாகியிருக்கிறது.

திருப்பிக் கொண்டுபோனேன். “லென்ஸில் பார்த்தால் எல்லா நாணயமும் அப்படித்தான் அண்ணா இருக்கும்.” அடுத்த முறை, கொண்டுவந்து கொடுத்தவர் கோவையில் இருக்கிறாராம், வரட்டுமாம். அதன்பின் போனை எடுப்பதே இல்லை. வேறு எண்ணிலிருந்து அழைத்தபோது சிக்கினார்: “ரிசர்வ் வங்கியிடம் கொடுங்கள், லட்சத்துக்கு எடுத்துக்கொள்வார்கள்.” பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்தாகிவிட்டது. 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் கொடுத்த சீட்டில் இருப்பது ‘பழைய நாணயம் - 1’. அவ்வளவுதான்.

இதற்குள் அதே கண்ணாடிப் பெட்டியில் இடம் வலம் மாறிய இன்னொரு பள்ளச் சிங்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த எஸ்டேட் அதிகாரி நாணயச்சாலையே வைத்திருந்தார் போலும்!

அசல் பிழையையும் சேதத்தையும் பிரித்தறிவது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதிருக்கும் கோபத்தில் வருவது இவ்வளவுதான். அச்சு விரிசல், அதாவது அடிக்கும் அச்சில் விழுந்த வெடிப்பின் தடம் என்றால் கோடு மேடாக எழும்பி நிற்க வேண்டும், பள்ளமாக இருந்தால் வெறும் கீறல். ஓரம் வெட்டுப்பட்ட வில்லை என்று காட்டினால் நேர் எதிர் ஓரத்தைப் பாருங்கள். அசலில் அங்கே விளிம்பு பெரும்பாலும் மழுங்கியிருக்கும், பின்னால் அறுத்ததில் முழுசாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே முத்திரை நேராகவே இருந்தால் விளிம்பின் உட்புறத்தில் ஒட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். பத்து ரூபாயில் நடுவட்டம் திரும்பியிருந்தால் தொடவே வேண்டாம், தட்டிக் கழற்றித் திருப்பிப் போட்டுவிடலாம். தேய்ந்து எழுத்து மறைந்தது பிழையே அல்ல. பில்லில் ‘அச்சுப் பிழை நாணயம், போலியானால் பணம் வாபஸ்’ என்று எழுதிக் கேளுங்கள். மழுப்பினால் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.