ஊர் ஊராகப் பாடி நடிப்பவர்களுக்குக் கையடக்க நெபுலைசர்: வாங்கலாமா?

வாரத்துக்கு எட்டுக் காட்சி, நடுவில் பஸ் பயணம், இரவெல்லாம் ஏசி அறை. இசை நாடகக் குழுவோடு சுற்றுபவர்களின் குரல்நாண் வறண்டுபோக இது போதும். குடிக்கிற தண்ணீர் குரல்நாணை நேரடியாகத் தொடுவதில்லை. ஈர ஆவி தொடும். அதனால்தான் மெஷ் நெபுலைசரை, அதாவது நுண்துளைத் தகடு (மெஷ்) வழியாகத் திரவத்தை மூச்சில் இழுக்கும் நுண்துளிகளாக்கும் கருவியை, பரிந்துரைக்கிறோம். உள்ளங்கையில் அடங்கும், சத்தம் வராது, ஒப்பனை போடும்போதே பிடித்துக்கொள்ளலாம்.

ஊற்ற வேண்டியது 0.9% ஸ்டெரைல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) மட்டுமே. குழாய்த் தண்ணீர், வெறும் காய்ச்சி வடித்த நீர், யூகலிப்டஸ் தைலம் எதுவும் கூடாது. மூச்சுக்குழாய் எரியும், இறுகவும் செய்யலாம். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 5 மில்லி சிறு குப்பிகள்தான் பயணத்துக்குச் சரி. பெரிய பாட்டிலைத் திறந்துவிட்டால் கிருமி சேரும். வாயால் மெதுவாக இழுங்கள், மேடையேறும் அவசரத்தில் வேகமாக இழுத்தால் இருமல்தான் வரும்.

பெரிய குறை அந்த மெஷ் தகடு. சலைன் காய்ந்ததும் உப்பு படிந்து நுண்துளை அடைபடும். ஆவி மெலிந்தால் அதுதான் காரணம். ஒவ்வொரு முறையும் மீதியைக் கொட்டி, கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர் விட்டு மூச்சில் இழுக்காமல் ஒரு நிமிடம் ஓட்டுங்கள், பிறகு காற்றில் உலரட்டும். தகட்டை விரலாலோ பஞ்சாலோ தேய்த்தால் பழுதாகிவிடும். தகட்டைத் தனியாக மாற்றக்கூடிய மாடலையே வாங்குங்கள். லித்தியம் பேட்டரி என்பதால் விமானத்தில் கைப்பையில் வையுங்கள்.

வீங்கிய குரல்நாணை இது குணமாக்காது. தொண்டை கட்டியிருந்தால் மாற்று நடிகரை மேடையேற்றுவதுதான் சரி.