ஆடு மேயும் நிலத்துக்கு எந்தப் பசுந்தாள்? தக்கைப்பூண்டா, சணப்பையா, கொளுஞ்சியா?

ஒரத்தநாட்டுப் பக்கம், கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர். மணற்பாங்கான செம்மண். சம்பா ஒருபோகம்தான். தையில் அறுப்பு முடிந்தால் ஆடி வரை நிலம் வெறுமனே கிடக்கும். அந்த இடைவெளியில் பசுந்தாள் (உரத்துக்காகவே வளர்க்கும் தழைப்பயிர்) விதைத்து மடக்கி உழ நினைத்தேன். எதை விதைப்பது என்று தெளிவதற்குள் இரண்டு கோடை போய்விட்டது. இப்போது நான் கொளுஞ்சியின் பக்கம்.

தழை எடையை மட்டும் பார்த்தால் தக்கைப்பூண்டுதான் முதலில் நிற்கும். ஏக்கருக்கு 20 கிலோ விதை. 45, 50 நாளில் பூவெடுக்கும் பருவத்தில் மடக்கினால் நல்ல நிலத்தில் 8 முதல் 10 டன் வரை தழை. தண்ணீர் தேங்கினாலும் தாங்கும், களர் மண்ணிலும் வரும். சணப்பைக்கு விதை குறைவு, வளர்ச்சி வேகம். ஆனால் தண்ணீர் தேங்கினால் போயிற்று, நாள் தள்ளினால் தண்டு நாரேறிவிடும். கோடையில் இரண்டுக்கும் தண்ணீர் கட்ட வேண்டும். இதையெல்லாம் விதைக்கடையிலேயே சொல்வார்கள்.

யாரும் எனக்குச் சொல்லாதது ஆட்டைப் பற்றி. முதல் கோடையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கட்டி ஓர் ஏக்கர் தக்கைப்பூண்டு வளர்த்தேன். முழங்கால் உயரம் வந்திருந்தது. ஒரே பிற்பகலில் நுனி முழுவதும் கடிபட்டு, குச்சி குச்சியாக நின்றது. யாரையும் குறை சொல்ல முடியாது. அறுப்புக்குப் பிறகு வயல் ஊருக்கே மேய்ச்சல் நிலம் என்பது இங்கே பழைய வழக்கம். இராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் (ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள்) செம்மறி மந்தைகளோடு வருவதும் அந்த மாதங்களில்தான். அவர்கள் கிடை போடுவதே, அதாவது இரவில் மந்தையை வயலில் அடைப்பதே, பாதி உரம். மூன்று ஏக்கருக்கு வேலி போடும் செலவில் பல ஆண்டு உரம் வாங்கலாம். சணப்பை விதைத்திருந்தாலும் இதே கதைதான்.

கொளுஞ்சியை மாடு தொடாது. செம்மறி தாளையும் புல்லையும் மேய்ந்துவிட்டு இதை விட்டுவிடுகிறது. வெள்ளாடு பசி மிகுந்தால் நுனியைக் கொஞ்சம் கிள்ளும். அது பெரிய சேதமில்லை. கிடை கட்டிய இடத்தில் மட்டும் செடி மிதிபட்டுப் போனது. ஆக, கிடையும் பசுந்தாளும் ஒரே வயலில் சேர்ந்து கிடைக்கின்றன. எனக்கு முடிவைத் தந்தது இதுதான்.

தொல்லை விதையில் இருக்கிறது. தோல் அவ்வளவு கெட்டி; அப்படியே தெளித்தால் பாதிகூட முளைக்காது. ஏக்கருக்கு எட்டு கிலோ எடுத்து, சம அளவு ஆற்றுமணல் கலந்து, உரலில் பதமாக இடித்தோம். பளபளப்பு போய் விதை மங்கலாகத் தெரிந்தால் போதும், உடைந்தால் வீண். அறுப்புக்கு முன் நிற்கும் பயிரிலேயே, மண்ணில் ஈரம் இருக்கும்போது தெளித்தோம். முதல் ஒன்றரை மாதம் வளர்ச்சியே கண்ணுக்குத் தெரியாது. மாசி முடியும்வரை பணம் போயிற்று என்றே நினைத்தேன். வைகாசியில் ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளினேன், உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துவைக்கும் வேலை நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தக் கோடை முழுவதும் ஒரு தண்ணீர்கூடக் கட்டவில்லை.

இன்னொன்று, மடக்குவதற்கு முன் ஓரளவு காய் முற்ற விட்டால் விதை கொட்டிவிடும். முளைக்கவிடாமல் நம்மைப் படுத்திய அதே கெட்டித் தோல், சம்பா முழுவதும் சேற்றுக்குள் விதையைக் காப்பாற்றுகிறது. அடுத்த அறுப்புக்குப் பிறகு தானாக முளைத்தது. திட்டுத் திட்டாகத்தான், ஆனாலும் மறுவிதைப்புக்கு இரண்டு கிலோவே தேவைப்பட்டது. தக்கைப்பூண்டுக்கு ஆண்டுதோறும் 20 கிலோ வாங்க வேண்டும்.

தழை குறைவு என்பது உண்மை. தக்கைப்பூண்டில் பாதிகூடத் தேறாது. சம்பாவுக்கு யூரியாவில் ஒரு தடவை மேலுரத்தை நிறுத்திப் பார்த்தேன், பயிர் வெளுக்கவில்லை. ஆனால் அதில் கிடையின் பங்கு எவ்வளவு, கொளுஞ்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இரண்டு ஆண்டு போதாது. பழைய டெல்டாவின் (காவிரி, வெண்ணாறு பாயும் பகுதியின்) களிமண்ணில் நான் விதைத்ததில்லை. தண்ணீர் தேங்கும் இடத்துக்குக் கொளுஞ்சி ஆகாது. எங்கள் நிலத்திலேயே கிழக்கு ஓரம் அரை ஏக்கர் பள்ளம். அதற்கு மட்டும் முள் அடைத்து, ஆனியில் கால்வாய்த் தண்ணீர் வந்தபின் தக்கைப்பூண்டு விதைக்கப் போகிறேன்.