டியூரரோட எராஸ்மஸ் பிரிண்ட், கீழ வெட்டாம வாங்குங்க

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1526ல செப்புத் தகட்டுல செதுக்குன, நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸோட படம், அதோட பிரிண்ட் ஆன்லைன்ல வாங்குனேன். மொதல்ல வந்தத திருப்பி அனுப்பிட்டேன். ஃப்ரேமுக்கு செட் ஆகணும்னு கீழ ஒரு இஞ்ச் வெட்டிருந்தாங்க, புக்ஸ் எல்லாம் அங்கதான் இருக்கு, அது போச்சுன்னா அந்தப் படமே போச்சு! அப்புறம் ஒரிஜினல் அளவுலயே, சுமார் 25க்கு 19 செ.மீ, முழுசா கேட்டு வாங்குனேன். இது அருமை.

மனுஷன் உள்ள தள்ளி நின்னு எழுதிட்டிருக்காரு, நமக்கு கிட்டக்க இருக்கறது புத்தகங்கதான், அதத் தாண்டித்தான் அவர் முகத்துக்கே போக முடியும். பக்கத்துல சட்டம் போட்டு பெரிய எழுத்து வேற. லத்தீன்ல இது நேர்ல பாத்து வரைஞ்சதுன்னு இருக்கு, அதுக்குக் கீழ கிரேக்கத்துல, இதவிட நல்ல உருவத்த அவரோட எழுத்தே காட்டும்னு. வரைஞ்சவரே தன் படத்துல இத செதுக்கி வெச்சிருக்காரேன்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்குது. நேர்ல பாத்தது 1520ல, தகடு ஆறு வருஷம் கழிச்சு. முகம் ஒத்து வரலன்னு எராஸ்மஸுக்கு குறை இருந்துச்சு, ஆனா 1528ல அவரே டியூரர் வெறும் கருப்புக் கோடுகள வெச்சே எல்லாத்தயும் காட்டிருவாருன்னு பாராட்டி எழுதினாரு.

அது உண்மைதான், லென்ஸ் வெச்சு பாத்தேன். சாம்பல் நெறமே கெடையாது, கோடு நெருங்குனா இருட்டு, விலகுனா வெளிச்சம். அங்கி மடிப்புல துணி எப்படி விழுதோ கோடும் அப்படியே வளைஞ்சு போகுது, நிழல் வேணும்ங்கற எடத்துல குறுக்க இன்னொரு வரிசை. உளியால செம்ப கீறிக் கீறி எடுத்தது, அதுவும் அச்சுல நேரா வரணும்னா தகட்டுல அத்தன எழுத்தயும் இடம் வலமா மாத்தி செதுக்கணும். இடது கைல பிடிச்சிருக்கற மைக்கூடு, குவளைல இருக்கற லில்லி எல்லாம் இந்த பிரிண்ட்ல சுத்தமா வந்திருக்கு. லில்லிய தூய்மைக்கு அடையாளமா சொல்லுவாங்க, எனக்கென்னமோ அவ்ளோ புக்ஸுக்கு நடுவுல அந்தப் பூ இருக்கறதே போதும்.

குறைன்னா, அங்கியோட ரொம்ப இருட்டான மடிப்புல கோடெல்லாம் ஒட்டிக்கிட்டு கருப்புத் திட்டா தெரியுது. பளபளப்பு பேப்பர் வேணாம், லைட் அடிச்சா ஒண்ணும் தெரியாது, மேட் கேளுங்க. வாங்கறதுக்கு முன்னாடி நியூயார்க் மெட் மியூசியம் சைட்ல இந்தப் படம் ஃப்ரீயா இருக்கு, அத ஜூம் பண்ணி கடைக்காரங்க போட்டிருக்கற போட்டோவோட ஒப்பிட்டுப் பாருங்க, கிரேக்க வரி மங்கலா இருந்தா விட்டுருங்க.