பி45-ஆ, 5ஆர்வி லைரா? கிளாரினெட் மவுத்பீஸ் மாற்றப்போகிறவர்களுக்கு

யமஹா மாணவர் கிளாரினெட் வாங்கினால் பெட்டியிலேயே 4சி மவுத்பீஸும் (வாயில் வைத்து ஊதும் முனை) வந்துவிடும். ஒன்றிரண்டு வருஷம் வாசித்த பிறகு எல்லோருக்கும் ஒரே சந்தேகம்: இதை மாற்றினால் நாதம் மாறுமா? மாறும். வாத்தியத்தையே மாற்றுவதைவிட மவுத்பீஸை மாற்றும்போதுதான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், செலவும் அதில் சின்னப் பங்குதான். விசாரிக்கப் போனால் இரண்டு பெயர்கள் அடிக்கடி காதில் விழும். ஒருவர் வாண்டோரன் பி45 என்பார், இன்னொருவர் அதே வாண்டோரனின் 5ஆர்வி லைர் என்பார். இரண்டும் 1905-இல் தொடங்கிய அதே பாரிஸ் கம்பெனியின் சரக்கு. இரண்டும் எபோனைட், அதாவது இறுகிய ரப்பர். விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் வாயில் வைத்து ஊதினால் வேறு வேறு ஆட்கள்.

வித்தியாசம் முக்கியமாக ஒரு சந்தில் இருக்கிறது. ரீடின் (மவுத்பீஸில் கட்டும் மெல்லிய நாணல் பட்டை, இதுதான் அதிர்ந்து ஒலி எழுப்புகிறது) நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் இடையே உள்ள திறப்பைச் சொல்கிறேன். 4சி-யில் அது 1.05 மி.மீ. 5ஆர்வி லைரில் 1.095. பி45-இல் 1.195. ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனம் சுமார் 0.1 மி.மீ.; ஆக லைருக்கும் பி45-க்கும் நடுவே ஒரே ஒரு தாள். அந்த ஒரு தாளுக்கா இத்தனை விவாதம் என்று தோன்றும். ரீட் அந்தச் சந்துக்குள்தான் அடித்து அடித்து மூடித் திறக்கிறது என்பதால் ஒரு தாளும் பெரிய விஷயமே. சந்து அகலமானால் ரீடை மூட அதிகக் காற்றும் உதட்டு வலுவும் வேண்டும், அல்லது மெல்லிய ரீட் வேண்டும். குறுகினால் கனமான ரீட் போட்டாலும் தாங்கும்.

முதலில் பி45. பெரிய சத்தம், அகலமான நாதம், வளைந்துகொடுக்கும் சுபாவம். கர்நாடக சங்கீதம் வாசிப்பவர்களுக்கு இந்த மூன்றாவது குணம்தான் உயிர். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்யமத்தைத் தொட்டுத் தொட்டு இறங்கும் அந்த அசைவை விரலை மட்டும் துளையிலிருந்து வழித்து எடுத்தால் பாதிதான் வரும். மீதி உதட்டில் இருக்கிறது. கிளாரினெட்டில் உதட்டால் சுருதியைக் கீழே இறக்கலாம், மேலே ஏற்றுவது மிகக் கொஞ்சம்தான் முடியும். அதனால் மேல் ஸ்வரத்தை விரலில் வைத்துக்கொண்டு உதட்டைத் தளர்த்தி இறங்குவதுதான் வழி. 4சி-யில் 3-ஆம் நம்பர் ரீட் (நம்பர் கூடக் கூட ரீட் விறைப்பு) போட்டு இதைச் செய்து பாருங்கள், ஸ்வரம் நகரவே அடம்பிடிக்கும். பி45-இல் 2½ ரீட் என்றால் வழுக்கிக்கொண்டு இறங்கும். கீழ் ஸ்தாயியில் எந்த மவுத்பீஸானாலும் வளைவு குறைவுதான், அதை வைத்து யாரையும் குறை சொல்ல வேண்டாம். நாகஸ்வர பாணியைக் கிளாரினெட்டில் கொண்டுவந்து 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பெயரெடுத்த ஏ.கே.சி. நடராஜனின் பழைய பதிவுகளைக் கேட்டால், இந்த வாத்தியத்தில் ஜாரு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது) எவ்வளவு தூரம் போகும் என்பது புரியும். அந்தத் திசையில் போக ஆசையென்றால் திறந்த மவுத்பீஸ், மெல்லிய ரீட்.

இனி அதன் மறுபக்கம். வளையும் மவுத்பீஸ் நாம் கேட்காதபோதும் வளையும். கிளாரினெட் பொதுவாகவே பலமாக ஊதினால் சுருதி இறங்கும், மெல்ல ஊதினால் ஏறும். பி45-இல் மெல்லிய ரீட் போட்டால் இது இன்னும் மோசம். தனியாக வாசிக்கும்போது தெரியாது. நான்கு கிளாரினெட் சேர்ந்து ஒரு கூட்டு ஸ்வரத்தைப் படிப்படியாகப் பெரிதாக்கும் இடத்தில் நீங்கள் மட்டும் கீழே கிடப்பீர்கள். இன்னொன்று, 4சி-யில் இருந்து நேராக இதற்கு வருபவர்கள் அந்தச் சந்தினை மூடுவதற்காகப் பல்லால் கடிக்க ஆரம்பிக்கிறார்கள். கீழுதட்டின் உட்புறம் புண்ணாகும், நாதம் மூக்கடைத்த மாதிரி ஆகும், பழி மவுத்பீஸ் மேல் விழும். ரீடை அரை நம்பர் இறக்கினால் தீர்ந்துபோகிற பிரச்சினை.

5ஆர்வி லைர் இந்த விஷயத்தில் கட்டுப்பெட்டி. நாதம் சிறுத்து, விளிம்பு கூர்மையாக, நடுவே குவிந்திருக்கும். ஸ்டக்காட்டோ (ஸ்வரங்களை வெட்டி வெட்டி வாசிப்பது) சொன்னபடி கேட்கும். பி-ஃப்ளாட்டில் இருந்து பி-க்குத் தாண்டும் இடம், மாணவர்கள் எல்லோரும் தடுமாறும் அந்த 'பிரேக்', இதில் கொஞ்சம் சாதுவாக இருக்கிறது. சர்ச் பாடகர் குழுவோடு வாசிப்பவர், டிரினிட்டியின் மேற்கத்திய இசை கிரேடு தேர்வுக்குத் தயாராகிறவர், நொட்டேஷன் பார்த்து வாசிக்கும் பேண்டில் இருப்பவர், இவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். ரீட் 3, பழகியதும் 3½. பெரிய மண்டபத்தில் மைக் இல்லாமல் நாகஸ்வரம் தவிலுக்கு நடுவே இதை வைத்துக்கொண்டு நின்றால் யாருக்கும் கேட்காது. அதற்கான பொருள் அல்ல இது.

ரீடைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடே செல்லாது. கடையில் எல்லோரும் செய்வது இதுதான்: கையில் இருக்கும் ஒரே ரீடை இரண்டு மவுத்பீஸிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. 3½ ரீடோடு போனால் லைர் ஜெயிக்கும், 2½ ரீடோடு போனால் பி45 ஜெயிக்கும். நீங்கள் ஒப்பிட்டது ரீடைத்தான். 2½, 3, 3½ மூன்றும் கையில் இருக்கட்டும், ஒவ்வொரு மவுத்பீஸுக்கும் அதற்குப் பிடித்த ரீடைக் கொடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி நம்பரும் மாறும். ஒருவர் 3 என்பது இன்னொருவரின் 2½ பக்கத்தில் நிற்கும்.

சுருதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வாண்டோரனின் வழக்கமான மவுத்பீஸ்கள் ஐரோப்பியப் பழக்கப்படி ஏ = 442-க்கு (ஏ ஸ்வரம் வினாடிக்கு 442 அதிர்வு) செய்யப்பட்டவை. '13 சீரிஸ்' என்று தனியாக விற்பது அமெரிக்காவின் 440-க்காகச் சற்றே தாழ்த்தியது. நம் ஊரில் கூட வாசிக்கும் கீபோர்டு பெரும்பாலும் 440-இல் நிற்கும். வெயிலோ கிளாரினெட்டை மேலே தள்ளும். காற்று சூடாகச் சூடாக சுருதி ஏறும். மே மாதக் கல்யாண மண்டபத்தில் பேரலை (மவுத்பீஸுக்கு அடுத்த குட்டைக் குழாய்; வெளியே இழுத்தால் சுருதி இறங்கும்) எவ்வளவு இழுத்தாலும் கீபோர்டுக்கு மேலேயே மிதக்கும் கிளாரினெட்டைக் கேட்டிருப்பீர்கள். பேரலை அளவுக்கு மீறி இழுத்தால் நடுவில் உள்ள ஜி, ஏ, பி-ஃப்ளாட் மட்டும் தனியாக இறங்கிக் கோணலாகிவிடும். கீபோர்டோடுதான் அதிகம் வாசிப்பீர்கள் என்றால் 13 சீரிஸில் கேட்டு வாங்குங்கள். தம்பூராவோடு தனிக் கச்சேரி என்றால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எபோனைட்டா பிளாஸ்டிக்கா என்ற பஞ்சாயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. உள்ளே குடைந்த வடிவமும் ரீட் படியும் மேஜைப் பரப்பின் சமமும் நாதத்தைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பொருள் தீர்மானிப்பதில்லை. எபோனைட் என்பது கந்தகம் நிறையச் சேர்த்து இறுக்கிய ரப்பர். அதனால் வெந்நீரில் கழுவினாலோ வெயிலில் வைத்தாலோ பச்சையும் பழுப்புமாக நிறம் மங்கி, கந்தக நெடி அடிக்கும். பச்சைத் தண்ணீர் போதும்.

4சி-யை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் மனசில்லை. இந்த இரண்டில் ஒன்றின் விலையில் 4சி இரண்டு மூன்று வாங்கலாம், ஒன்றுக்கொன்று அச்சு மாறாமலும் இருக்கும். வீட்டில் குழந்தை கற்க ஆரம்பித்து முதல் வருஷம்கூட முடியவில்லை என்றால் அந்தப் பணத்தில் நல்ல ரீட் பெட்டிகள் வாங்கிக்கொடுங்கள். ரீட் விரிந்தும் நுனி உடைந்தும் கிடக்க, மவுத்பீஸை மாற்றி என்ன பயன்?

நடுவே ஒரு மூன்றாவது ஆளும் உண்டு. எம்30 சுமார் 1.15 மி.மீ. திறப்பு, ஆனால் ரீடை விட்டு விலகும் வளைவு நீளமானது. அதனால் 3½ ரீடையும் ஏற்கும், நாதமும் உருண்டையாக வரும். கச்சேரியும் வேண்டும், கூட்டிசையும் வேண்டும், ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர் இதையும் ஊதிப் பார்க்கலாம். ஜாஸ்காரர்களின் 5ஜேபி 1.47 மி.மீ.; புதிதாக மாறுபவர்களுக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை.

கடையில் பார்க்க வேண்டியது மூன்று. விளக்கு வெளிச்சத்தில் நுனி விளிம்பும் ரீடின் ஓரங்கள் படியும் இரு பக்கத் தண்டவாளமும் சீராக இருக்கின்றனவா, எங்காவது சிராய்ப்பு உண்டா என்று பாருங்கள். மவுத்பீஸையும் பேரலையும் மட்டும் சேர்த்து ஊதி, கீபோர்டின் எஃப்-ஷார்ப்புக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று கேளுங்கள். பிறகு முழு வாத்தியத்தில் மேல் ஸ்தாயி சி-யைப் பிடித்து, விரலை அசைக்காமல் உதட்டால் மட்டும் அரை ஸ்வரம் இறக்கித் திரும்ப ஏற்றுங்கள். சுலபமாக இறங்கினால் ராகத்துக்கு நல்லது. இறங்கவே மறுத்தால் கூட்டிசைக்கு நல்லது. ஆல்பர்ட் சிஸ்டம் என்ற பழைய சாவி அமைப்புள்ள கிளாரினெட் வைத்திருப்பவர்கள் வாத்தியத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். அதன் பேரல் வாய் புது மவுத்பீஸின் தக்கைக்குப் பொருந்தாமல் போவது சகஜம். தக்கை தடித்திருந்தால் உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளலாம், தளர்ந்திருந்தால் தக்கையையே மாற்ற வேண்டும்.