புது ஏற்றமா, பொய் ஏற்றமா? அம்புக்குறி, நாள் கணக்கு, 200 நாள் சராசரி

சந்தை பலமாக விழுந்து, இப்போது நாலைந்து நாளாக ஏறிக்கொண்டிருக்கிறது. இது புது ஏற்றமா, விழுகிற வழியில் கொஞ்சம் மூச்சு வாங்குகிறதா? கண்டுபிடித்துத் தருகிறோம் என்று சொல்லும் மென்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. உள்ளே ஓடும் விதியைப் பார்த்தால் பெரும்பாலானவை மூன்று நான்கு வகைக்குள் அடங்கிவிடும். ஆகவே மென்பொருள்களை விட்டுவிட்டு விதிகளை ஒப்பிடுகிறேன்.

முதலில் அம்புக்குறி வகை. சூப்பர்ட்ரெண்ட் நல்ல உதாரணம். கடைசி 10 நாள் விலை ஆட்டத்தின் சராசரியை 3-ஆல் பெருக்கி, விலையிலிருந்து அந்த அளவு தள்ளி ஒரு கோடு போடும். விலை அதை மேலே தாண்டினால் பச்சை அம்பு, அதாவது 'வாங்கு'. விதி எளிமையானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் நாம் பார்க்கும் நேரத்தில். ஒருமுறை மதியம் வந்த பச்சை அம்பை நம்பி வாங்கினேன். சந்தை முடிந்தபோது அம்பையே காணோம். கேண்டில் (சார்ட்டில் ஒரு நாள் விலையைக் காட்டும் குச்சி) முடியும்வரை சிக்னல் வரும், போகும். விலையின் திருப்பங்களைக் கோட்டால் இணைக்கும் ஜிக்ஜாக் வகை இன்னும் மோசம். பின்னால் வரும் விலையைப் பார்த்துவிட்டு, பழைய புள்ளியை இடம் மாற்றும். பழைய சார்ட்டில் ஒவ்வொரு பள்ளத்திலும் கச்சிதமாக அம்பு நிற்பதன் ரகசியம் இதுதான். டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தில் பார் ரீப்ளே (பழைய சார்ட்டை மறுபடி ஓட்டுவது) போட்டு ஒவ்வொரு கேண்டிலாக நகர்த்திப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். விதியை மறைத்து அம்பை மட்டும் விற்கும் மென்பொருளை நான் தொடுவதில்லை.

இரண்டாவது, நாள் கணக்கு: அமெரிக்க முதலீட்டாளர் வில்லியம் ஓ'நீலின் ஃபாலோ த்ரூ டே. விழுந்த குறியீட்டெண் முதன்முதலாக ஏறி முடியும் நாள்தான் நாள் 1. அந்த வீழ்ச்சியின் அடிமட்டம் உடையாமல் நான்காம் நாளோ அதற்குப் பிறகோ, முந்தைய நாளைவிட அதிக வால்யூமில் (கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையில்) ஒரு பெரிய ஏற்றம் வர வேண்டும். அடிமட்டம் உடைந்தால் மறுபடி 1-லிருந்து எண்ண வேண்டும். 'பெரிய' என்றால் எவ்வளவு என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1 சதவீதத்தில் தொடங்கிய விதி பிறகு உயர்ந்தது.

மூன்றாவது, 200 நாள் சராசரிக்கு மேல் குறியீட்டெண் முடிவது. 50 நாள் சராசரி 200 நாள் சராசரியைத் தாண்டும் கோல்டன் கிராஸ் இதே குடும்பம்தான், பெரும்பாலும் இன்னும் தாமதமாக வரும்.

சரி, மோதவிட்டுப் பார்ப்போம். 2020 மார்ச் 23-ல் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண், முடிவு விலைப்படி, சுமார் 2,237-ல் அடிமட்டம் தொட்டது. நாள் கணக்கு ஏப்ரல் 2-ம் தேதியே கைகாட்டியது. அப்போது குறியீட்டெண் 2,527. 200 நாள் சராசரிக்கு மேல் முடிந்தது மே கடைசியில், 3,000-ஐத் தாண்டிய பிறகு. அடிமட்டத்திலிருந்து ஒன்று 13 சதவீதம் மேலே, இன்னொன்று 36 சதவீதம் மேலே. ஓ'நீல் ஜெயித்தார்.

2022-க்கு வாருங்கள், கதை தலைகீழ். ஜூன் 24-ல், எண்ணிக்கையின் ஐந்தாம் நாள், குறியீட்டெண் 3 சதவீதம் ஏறியது. வால்யூமும் எகிறியது. விதிப்படி பாஸ். ஆனால் அன்று ரஸ்ஸல் என்ற அமெரிக்கக் குறியீட்டெண்களின் பங்குப் பட்டியலை மாற்றியமைக்கும் வருடாந்திர நாள். அவற்றைப் பின்தொடரும் ஃபண்டுகள் வாங்கியே ஆக வேண்டும், விற்றே ஆக வேண்டும். அந்த வால்யூமில் நம்பிக்கை எவ்வளவு, கட்டாயம் எவ்வளவு என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஏற்றம் ஆகஸ்ட் 16 வரை ஓடி, 200 நாள் சராசரியில் முட்டித் திரும்பியது. செப்டம்பர் கடைசியில் ஜூன் அடிமட்டமும் போய்விட்டது. அந்த ஏற்றம் முழுக்க 200 நாள் சராசரி 'வாங்கு' என்று சொல்லவே இல்லை.

நான்காவதாக அமெரிக்க முதலீட்டாளர் மார்ட்டின் ஸ்வைக்கின் பிரெட்த் த்ரஸ்ட். ஏறிய பங்குகளின் விகிதத்துக்கு 10 நாள் சராசரி போட்டு, அது 10 வர்த்தக நாட்களுக்குள் 0.40-க்குக் கீழிருந்து 0.615-க்கு மேல் பாய்கிறதா என்று பார்ப்பது. 2025 ஏப்ரல் 24-ல் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த சிக்னல், ஆனால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விதிகளைச் சோதிக்கும் அமிபுரோக்கர் மென்பொருளில் நீங்களே கணக்கிடலாம். இன்றைய பங்குப் பட்டியலை வைத்துப் பழைய வருடங்களைச் சோதித்தால் மட்டும், காணாமல் போன நிறுவனங்கள் விடுபட்டு, முடிவு உண்மையைவிட அழகாகத் தெரியும்.

பலரும் சேர்த்துக்கொள்ளும் ஏடிஎக்ஸ் குறிகாட்டி? அது போக்கின் பலத்தைத்தான் சொல்லும், திசையை அல்ல. சந்தை சரியும்போதும் 25-ஐத் தாண்டி ஜம்மென்று ஏறும்.

நான் இப்போது வைத்திருப்பது நாள் கணக்கும் 200 நாள் சராசரியும் சேர்ந்த சின்ன ஸ்கிரிப்ட். முதலாவது வந்தால் கால் பங்கு பணம், நாள் 1-ன் அடிமட்டத்துக்குக் கீழே ஸ்டாப் லாஸ் (அதற்குக் கீழே போனால் விற்றுவிடும் ஏற்பாடு). மீதி, இரண்டாவது வந்த பிறகு. அப்புறம் அதில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன்: ஜூன் மாத ரஸ்ஸல் வெள்ளிக்கிழமை என்றால் வால்யூமை எண்ணாதே.