பழைய கேம்பர் வேன் உள்வேலை: பெயின்ட்டா, ஒட்டுப் படலமா, புதுப் பலகையா?

படுக்கையும் சமையலும் உள்ளேயே அடங்கிய பழைய கேம்பர் வேன் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, உள்ளே இருக்கும் அந்த மங்கிய பழுப்பு நிறத்தை மாற்ற வேண்டும் என்பதுதான். எனக்கும் அப்படித்தான். பெயின்ட் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, இடைஞ்சலாக இருக்கிறதே என்று பின் இருக்கையின் மெத்தையை எடுத்தேன். ஜன்னலுக்குக் கீழே, மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. கட்டைவிரலால் அழுத்தினேன், நனைந்த அட்டை போல உள்ளே போனது. மேலே ஒட்டியிருந்த வினைல் தாள் மட்டும் ஒன்றும் நடக்காதது போலப் பளபளவென்று இருந்தது. அதைக் கிழித்தால், பின்னாலிருந்த மரச்சட்டத்தை நகத்தாலேயே சுரண்டி எடுக்க முடிந்தது. தண்ணீர் அந்த ஜன்னல் வழியாக வரவேயில்லை. கூரைத் தகடும் பக்கத் தகடும் சேருமிடத்தில் புகுந்து, சுவருக்குள்ளேயே இறங்கி, அங்கே வந்து தேங்கியிருந்தது.

பெயின்ட் டப்பாவை மூடி வைத்தேன். குறைந்த பணத்தில் உள்வேலை செய்பவர் முதலில் செலவழிக்க வேண்டியது அந்த இணைப்புக்குத்தான். ஓதம் ஏறிய சுவரில் எதைப் பூசினாலும், எதை ஒட்டினாலும் இரண்டு முறை வாங்க வேண்டி வரும்.

அடைப்பதற்குச் சிலிக்கானா, பியூட்டைல் டேப்பா (ரப்பர் போன்ற இளகிய ஒட்டு நாடா) என்று கேட்டால் என் கை பியூட்டைலுக்குத்தான் போகும். சிலிக்கான் எங்கேயும் கிடைக்கும், பிதுக்கித் தடவினால் வேலை முடிந்தது. ஆனால் ஒருமுறை சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் நிற்காது, வேறு சீலன்ட்டும் சரியாகப் பிடிக்காது. அடுத்த முறை கசிந்தால் அத்தனையையும் சுரண்டி எடுத்த பிறகுதான் ஆரம்பிக்க முடியும். பியூட்டைல் டேப் கடைசி வரை இளக்கமாகவே இருக்கும்; ஓடும் வண்டியின் அதிர்வுக்கு வளைந்து கொடுக்கும். ஜன்னல் சட்டம், கூரை வென்ட் போன்றவற்றைக் கழற்றி, பழைய பசையைச் சுத்தமாக எடுத்து, டேப்பை வைத்து ஸ்க்ரூவை இறுக்கினால் ஓரத்தில் பிதுங்கும். ஓரிரு நாள் கழித்து மறுபடி இறுக்கி, பிதுங்கியதை வெட்டிவிடலாம். தகடுகள் சேரும் நீண்ட இணைப்புகளுக்கு மட்டும் பாலியூரித்தேன் சீலன்ட். சோதிக்கும்போது குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகக் காட்டுங்கள். மேலிருந்து ஊற்றினால் எந்த இடம் கசிகிறது என்றே தெரியாது. அப்புறம், சுவரைத் திறந்தபடியே விட்டு, முழுக்க உலரும்வரை காத்திருங்கள். வாரக்கணக்கில் ஆகலாம். இந்தப் பொறுமைக்குக் காசு செலவில்லை, ஆனால் பலரும் தவறவிடுவது இதைத்தான்.

சுவரும் அலமாரியும்

இங்கேதான் உண்மையான போட்டி. பழைய வேன்களின் உட்சுவர் பெரும்பாலும் 3 மி.மீ. அளவிலான மெல்லிய பிளைவுட். அதன் மேல் தாளோ வினைலோ ஒட்டியிருக்கும். அலமாரிக் கதவுகளும் ஏறக்குறைய அதே இனம்தான்.

பெயின்ட் மூன்றிலும் மலிவு. ஆனால் உழைப்பை வாங்கும். அடுப்புப் பக்கம் எத்தனையோ வருடத்து எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். அதைக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் பிசுக்கை உள்ளே தேய்த்த கதைதான். கழுவி உலர்ந்ததும் 180 அல்லது 240 எண் தாளால் மினுமினுப்பு போகும்வரை மட்டும் தேய்க்க வேண்டும். மேல்தாள் மிக மெல்லியது, கொஞ்சம் அழுத்தினால் கீழே உள்ள மரம் தெரிந்துவிடும். அடுத்து வழவழப்பான பரப்பைப் பிடிக்கும் வகைப் பிரைமர், அதன் மேல் ஃபோம் ரோலரால் இரண்டு மெல்லிய பூச்சு. பழைய நீர்க்கறை இருந்தால் ஷெல்லாக் (அரக்கு) கலந்த பிரைமர் தேவை. சாதாரணப் பெயின்ட்டுக்குள்ளிருந்து கறை மஞ்சளாக எட்டிப் பார்க்கும். முழுச் சுவரையும் தொடும் முன் ஒரு கதவின் உட்பக்கத்தில் பூசிப் பாருங்கள். சில நாள் கழித்துக் கத்தி முனையால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப்பை ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப்போடு பெயின்ட் வந்தால் கழுவியதிலோ தேய்த்ததிலோ குறை. தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். முழுதாக இறுக வாரங்கள் ஆகும். அதற்குள் கதவுகளை இறுக மூடினால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது உரிந்து வரும்.

ஒட்டுப் படலம் என்பது பின்பக்கம் பசையோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதற்கு வாசனை கிடையாது, காயக் காத்திருக்க வேண்டாம், ஒரே நாளில் வண்டியின் முகமே மாறிவிடும். தட்டையான கதவுகளுக்கு இதைவிட வேகமான வழி இல்லை. சுவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் எளிது: படலம் பழைய வினைல் தாளை நன்றாகத்தான் பிடிக்கும், ஆனால் அந்தப் பழைய தாள் பிளைவுட்டைப் பிடித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெயிலில் நின்ற வண்டி உள்ளே சூடேறும்போது இரண்டும் சேர்ந்தே தளர்ந்து தொங்கும். அடுப்புக்கு அருகில் ஓரங்கள் சுருண்டு எழும். கீழே ஒரு மணல் துகள் இருந்தாலும் மேலே பரு போலத் தெரியும். கதவுக்கு ஒட்டும்போது ஓரத்தைப் பின்பக்கம் வரை மடித்து, ஹேர் டிரையரால் சூடாக்கி அழுத்திவிட்டால் நீண்ட நாள் நிற்கும்.

புதுப் பலகை, அழுகிய இடத்துக்கு மட்டும். ‘எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டலாம்’ என்ற ஆசை வரும். அங்கேதான் கையிருப்பும் வண்டியின் எடைக் கணக்கும் ஒன்றாகக் காலியாகும். வீட்டு அலமாரிக்குப் போடும் 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்யும்) பலகை, 8 அடிக்கு 4 அடி முழுத்தகடு, ஏறக்குறைய 40 கிலோ வரும். 12 மி.மீ. பாப்லர் பிளைவுட் அதே அளவில் சுமார் 16 கிலோதான். நான்கு தகடு போட்டால் வித்தியாசம் 100 கிலோவை நெருங்கிவிடும். அது ஒரு ஆளின் எடைக்கும் மேல். போதாததற்கு எம்.டி.எஃப். தண்ணீர் பட்டால் உப்பிவிடும். வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் அதிகபட்ச எடை எழுதியிருக்கும். தண்ணீர், எரிபொருள், ஆட்கள், சாமான் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பழைய அலமாரிகள் மெலிசாக இருப்பதைப் பார்த்து மட்டமான வேலை என்று நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டுத்தான் அப்படிச் செய்தார்கள்.

உள்ளே ஏற்கெனவே எதுவுமே இல்லாத வேன் என்றால் இன்னொரு வழி உண்டு. 1951-இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வேனுக்காகக் கொண்டுவந்த ‘கேம்பிங் பாக்ஸ்’ கழற்றி எடுக்கக்கூடிய சாமான்தான்: வாரநாளில் சரக்கு வண்டி, விடுமுறையில் வீடு. சுவரில் நிரந்தரமாக எதையும் அடிக்காமல், தரையில் போல்ட் போட்டு நிறுத்தும் ஒரு பெட்டியில் படுக்கையையும் சமையலையும் அடக்கிவிடலாம். செலவு குறைவு, கசிவு வந்தால் எடுத்துப் பார்க்கவும் முடியும். போல்ட் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். பிரேக் அடிக்கும்போது அந்தப் பெட்டி முன்னால் பாயக் கூடாது.

தரை

சுருளாக வரும் வினைல் விரிப்பு, ஒன்றோடொன்று மாட்டும் வினைல் பலகை, கார்ப்பெட் துண்டுகள் என்று மூன்று பேர் போட்டியில். மாட்டும் பலகை கடையில் மிக அழகாக இருக்கும். வேனில் அது வெயிலுக்கு விரிந்து, குளிருக்குச் சுருங்கி, அதிர்வில் பூட்டு விட்டுப் பிளக்கும், எடையும் அதிகம். சுருள் வினைலில் இணைப்பே இல்லை, சிந்திய தண்ணீர் கீழே போக வழியும் இல்லை. எனக்கு அதுதான். பழைய தரையில் ஸ்க்ரூ தலை எதுவும் மேலே எழும்பியிருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்ப்பெட் துண்டு காலுக்கு இதம், ஆனால் ஈரத்தை மறைத்து வைக்கும்.

மெத்தை

கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் அதை இங்கே போடுங்கள் என்று மனதாரச் சொல்வேன். முழங்காலை ஊன்றிப் பாருங்கள். அடியில் உள்ள பலகை தட்டுப்பட்டால் அந்த ஃபோமின் ஆயுள் முடிந்துவிட்டது. அதற்கு எவ்வளவு நல்ல துணி தைத்தாலும் முதுகு மன்னிக்காது. தட்டுப்படவில்லை, கொஞ்சம் அமுங்கல்தான் என்றால், பழையதன் மேல் 4 அல்லது 5 செ.மீ. புது ஃபோம் ஒட்டினாலே போதும். அப்போது பழைய உறை பொருந்தாது, உயரமும் கூடும். மேஜையை இறக்கிப் படுக்கையாக்கும் வண்டியில் எல்லா மெத்தைக்கும் ஒரே அளவு உயர்த்த வேண்டும். முழுதாக மாற்றுவதென்றால் கடையில் இரண்டையும் கேளுங்கள்: அடர்த்தி, கடினம். அடர்த்தி எத்தனை நாள் உழைக்கும் என்பதைச் சொல்லும், கடினம் உட்காரும்போது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும். அன்றாடம் உட்காரவும் படுக்கவும் ஒரு கன மீட்டருக்கு 30 முதல் 35 கிலோ அடர்த்திக்குக் குறைய வேண்டாம். ஃபோமை உறையைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டி, பாலியஸ்டர் பஞ்சு சுற்றித் திணித்தால் மூலைகள் தொய்யாமல் நிற்கும்.

உறைக்குப் புதுத் தையலா, மேல் விரிப்பா? பழைய வேன்களில் வரும் வெல்வெட் போன்ற துணி நிறத்தில்தான் பழசு, உழைப்பில் இல்லை. துவைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தைப்பதானால் பழைய உறையைப் பிரித்து அதையே மாதிரியாக வைத்து வெட்டுங்கள். ஜிப்பையும் கழற்றி மறுபடி போடலாம்.

விளக்கில் யோசிக்க ஒன்றுமில்லை, எல்.இ.டி.தான். 10 வாட் ஹாலோஜன் ஐந்து எரிந்தால் 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 2 வாட் எல்.இ.டி. ஐந்துக்கு ஒரு ஆம்பியர்கூட ஆகாது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்போது வோல்டேஜ் 14-ஐத் தாண்டும் என்பதால், அதைத் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கேஸ் இணைப்பில் மட்டும் நீங்களே கை வைக்காதீர்கள், தகுதி பெற்றவரைக் கூப்பிடுங்கள். சிலிண்டர் பெட்டியின் அடியில் இருக்கும் ஓட்டையைக் குளிர் வருகிறது என்று அடைத்துவிடவும் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வெளியேற அதற்கு அந்த ஒரு வழிதான்.

கடைசியாக, கைப்பிடி. பூசி முடித்த கதவுகளுக்கு வீட்டுக் கைப்பிடியும் காந்தப் பிடிப்பும் போடத் தோன்றும். பழைய அமுக்குப் பூட்டுகள் அசிங்கமாக இருக்கின்றன என்று கழற்றிவிடுவார்கள். முதல் திருப்பத்திலேயே காந்தம் விட்டுவிடும், தட்டுகள் எல்லாம் தரைக்கு வரும். அந்தப் பூட்டுகளைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, அதே ஓட்டையில் மறுபடி மாட்டுங்கள்.